கோடு விழாத குவியல்

மூவாயிரத்து அறுநூற்று நாற்பது. நாத்தனார் அதைத் தன் வீட்டுக் கதவின் உள்பக்கம் கரித்துண்டால் எழுதி வைத்திருந்தாள். கதவு திறந்திருந்தால் எண் சுவர்ப்பக்கம் ஒளிந்துகொள்ளும். சாத்தினால் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். கூம்பக்கா எப்போது அந்த வீட்டுக்குப் போனாலும் நாத்தனார் முதல் வேலையாகக் கதவைச் சாத்துவாள். "கொசு வருது அண்ணி" என்பாள். பட்டப்பகலில் என்ன கொசு என்று கூம்பக்கா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் எண்ணைப் பார்த்தது தெரிந்துபோகும்.

கடன் வாங்கியது கூம்பக்கா இல்லை. அவள் வீட்டுக்காரர், அதாவது நாத்தனாரின் கூடப்பிறந்த அண்ணன், ரோட்டோரம் பஞ்சர் ஒட்டுகிறவர். காற்றடிக்கிற மெஷின் ஒருநாள் வாயைப் பிளந்துவிட்டது. புதிதாக வாங்கத் தங்கச்சியிடம் போய் நின்றார். தங்கச்சி பணத்தை எண்ணி அண்ணன் கையில் கொடுத்தாள், கணக்கை அண்ணி தலையில் கட்டினாள்.

"எங்க அண்ணன் கையில காசு நிக்காது. திருப்பித் தர்ற பொறுப்பு உங்களோடது அண்ணி" என்றாள். பாசத்தை ஒரு டப்பாவிலும் புத்தியை இன்னொரு டப்பாவிலும் போட்டு மூடி வைக்கத் தெரிந்தவள்.

வெறும் பொறுப்பு மட்டும் இல்லை, அடமானமும் உண்டு. அது காட்டோரத் துண்டு.

அண்ணியும் நாத்தனாரும் வேலை செய்தது தேக்குத் தோட்டத்தில். வெயில் ஏறுகிற மாதங்களில் மரமெல்லாம் மொட்டையாகி, கீழே முழங்கால் புதைகிற அளவுக்குச் சருகு கிடக்கும். அதை அரித்துக் குவித்தால் மரக்கன்றுப் பண்ணைக்காரர்கள் உரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். மேஸ்திரி ஆளுக்கு ஒரு துண்டு நிலம் என்று பிரித்துவிடுவார். இடுப்பு உயரத்துக்கு ஒரு குவியல், குவியலுக்கு நாற்பது ரூபாய். குவித்தவர் ஒரு குச்சியில் தன் கந்தல்துணியைக் கட்டி உச்சியில் செருகிவிட வேண்டும். கூம்பக்காவுக்கு நீலம், நாத்தனாருக்கு மஞ்சள். மழைக்கு முன்னால் டிராக்டர் வரும். மேஸ்திரி கந்தலைப் பார்த்து எண்ணுவார். குவித்தது யார் என்று அவர் கேட்பதில்லை, கந்தல் யாருடையது என்பதுதான் கேள்வி.

கூம்பக்காவுக்கு அந்தப் பெயரே குவியலால் வந்தது. மற்றவர்கள் குவிப்பது காற்றடித்தால் படுத்துவிடும். இவள் அடியில் ஈரச்சருகைப் போட்டு, மேலே காய்ந்ததைப் போட்டு, சுற்றிச் சுற்றி வந்து காலால் மிதித்து இறுக்குவாள். கூம்பு மாதிரி நிற்கும். அவள் துண்டு தோட்டத்தின் கடைசியில் இருந்தது. அதை ஒட்டி மூங்கில் புதர், அதற்கு அந்தப்பக்கம் காடு. முன்பெல்லாம் பயந்துகொண்டு யாரும் அதை வாங்கமாட்டார்கள். இவள்தான் துணிந்து வாங்கினாள். காட்டுச்சருகும் காற்றில் வந்து விழ, மற்றத் துண்டுகளைப்போல ஒன்றரை மடங்கு கிடைத்தது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் அதன்மேல் கண். நாத்தனாருக்கு இரண்டு கண்ணும்.

"மழைக்கு முன்னால கடைசிக் காசு வரைக்கும் வந்துடணும். வரலேன்னா அடுத்த வருஷம் காட்டோரத் துண்டு எனக்கு. மேஸ்திரிகிட்ட நானே பேசிக்கிறேன்."

"சரி, எழுதிக்கோ" என்றாள் கூம்பக்கா. தன் கையில் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. வீட்டுச் செலவைப் பஞ்சர் பார்த்துக்கொள்ளும், கடனைச் சருகு பார்த்துக்கொள்ளும்.

சருகு கிட்டத்தட்டப் பார்த்தும்கொண்டது. வேலை முடிகிற நேரத்தில் அவள் துண்டு வழித்துவிட்ட பாத்திரம்போல் சுத்தமாகக் கிடந்தது. அரிக்க ஒரு இலை மிச்சமில்லை. எண்ணிப் பார்த்தால் தொண்ணூறு குவியல். கடனுக்கு ஒன்று குறைந்தது.

"ஒண்ணுதானே, அவ விட்டுடுவா" என்றார் வீட்டுக்காரர், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே.

"யாரு, உங்க தங்கச்சியா? ஓட்டை எங்கேன்னு நீங்க தேடுறீங்க பாருங்க, அதைவிட நல்லாத் தேடுவா அவ."

அவர் குமிழி வருகிறதா என்று தண்ணீரையே உற்றுப் பார்த்தார். பொண்டாட்டிக்கும் தங்கச்சிக்கும் நடுவில் மாட்டும்போதெல்லாம் அவருக்கு எங்காவது ஒரு ஓட்டை அகப்பட்டுவிடும்.

மறுநாள் காலையில் கூம்பக்கா மூங்கில் புதர்ப்பக்கம் போனாள், வேலியாக விட்டிருந்த இடத்தில் நாலு இலை கிடக்குமா என்று பார்க்க. அங்கே ஒரு குவியல் இருந்தது.

அவள் குவித்தது இல்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. மூங்கில் இலையும் தேக்கிலையும் கலந்து, வட்டமாக, இறுக்கமாக. தன்னுடையதைவிட நன்றாக இருந்ததைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. சுற்றிலும் தரையைப் பார்த்தாள். சருகு அரித்தால் வாரியின் மூங்கில் பல் மண்ணில் கோடு போட்டுவிட்டுப் போகும். யார் அரித்தது என்று கோட்டைப் பார்த்தே சொல்லலாம். கூம்பக்காவின் கோடு நெருக்கமாக இருக்கும். நாத்தனாரின் வாரியில் நடுப்பல் ஒன்று உடைந்துபோனது, அவள் அரித்த இடத்தில் ஒரு கோடு விட்டுப்போகும். இங்கே கோடே இல்லை. கனமான நனைந்த கயிற்றை இழுத்துக்கொண்டு போனதுபோல் வழுவழுவென்று தடம், அதுவும் எல்லாத் திசையிலிருந்தும்.

அப்போதே அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமலும் இல்லை. ஆனால் குறைந்தது ஒன்று, கண்ணெதிரே கிடப்பதும் ஒன்று. மனசு எந்தப்பக்கம் சாய வேண்டுமோ அந்தப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரு குச்சியை ஒடித்து நீலக்கந்தலைக் கட்டி, காற்றில் சாயாமல் இருக்க முழங்கை வரை கையைக் குவியலுக்குள் விட்டு ஆழமாக ஊன்றிவிட்டு வந்தாள்.

மறுநாள் போய்ப் பார்த்தால் குவியல் ஒரு சாண் ஏறியிருந்தது. அவளுடைய நீலக்கந்தல் கழுத்துவரை புதைந்து நுனி மட்டும் தெரிந்தது. பக்கத்திலேயே, ஜம்மென்று, ஒரு மஞ்சள் கந்தல்.

தண்ணீர்த் தொட்டியடியில் நாத்தனார் கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். சுற்றி ஏழெட்டுப் பெண்கள்.

"என் துண்டுல உனக்கு என்ன வேலை?"

"உங்க துண்டா? மூங்கிலடியில யார் துண்டும் இல்லே அண்ணி. பொதுவுல கிடந்ததை நான் குவிச்சேன்."

"நீ குவிச்சே?"

"பின்னே காத்து வந்து குவிச்சுதா?"

"உன் வாரிக்கு நடுப்பல் இல்லே. அங்க ஒரு கோடு கூட இல்லையே."

"கையால அள்ளினேன்."

"நீயா? கீழே விழுந்த குச்சியை எடுக்கவே அடுத்தவளைக் கூப்பிடுற ஆளு."

பெண்கள் சிரித்தார்கள். நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத் திரும்பினாள். "சரி, நீங்க குவிச்சீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல."

கூம்பக்கா சேலையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டினாள். பொய் சொல்லலாம். ஆனால் தன் கைவேலையைப் பற்றிப் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வளையாது.

"பாத்தீங்களா" என்றாள் நாத்தனார், எல்லோரையும் பார்த்து.

நாத்தனாரும் குவிக்கவில்லை, இவளும் குவிக்கவில்லை. அப்படியானால் யார்? மத்தியானம் எல்லோரும் நிழலில் காலை நீட்டியபோது, கூம்பக்கா தண்ணீர்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு காட்டோரம் போனாள். பருத்த தேக்கு ஒன்றின் பின்னால், மூங்கிலுக்கு நல்ல தூரத்தில் நின்றுகொண்டாள். நேரம் போயிற்று. காற்றே இல்லை. ஆனால் மூங்கிலடியில் சருகு நகர்ந்தது.

முதலில் சருகுதான் தெரிந்தது. ஒரு கை நிறைய இலை, தானாக, குவியலைப் பார்த்துப் போனது. அப்புறம் அந்தக் கை தெரிந்தது. கை இல்லை, உடம்பு. ஒரு ஆளின் கெண்டைக்கால் பருமன், டிராக்டர் பெட்டியின் நீளம். பச்சையும் கறுப்பும் கலந்த அழுக்கு நிறம், அதில் வெளுத்துப்போன பட்டைகள். தொண்டை மட்டும் பழுத்த இலையின் மஞ்சள். ராஜநாகம். எல்லோருக்கும் தெரிந்த பாம்புதான், சாரையைப் பாதி விழுங்கிக்கொண்டு கிடந்ததை அவளே ஒருமுறை பார்த்திருக்கிறாள். ஆனால் பாம்பு வேலை செய்து பார்த்ததில்லை.

வேலைதான் செய்தது. கழுத்துக்குக் கீழே உடம்பை வளையமாக மடக்கி, வளையத்துக்குள் அகப்பட்ட சருகை அப்படியே இழுத்துக்கொண்டு பின்னால் வந்தது. குவியலை அடைந்ததும் வளையத்தை அவிழ்த்துவிட்டு மேலே ஏறிச் சுற்றியது. சுற்றச் சுற்ற இலை இறுகியது. மறுபடி இறங்கி இன்னொரு பக்கம் போனது. ஒரே இடத்தில் அரித்துத் தரையை மொட்டையாக்காமல், நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தது. அடியில் எது போகிறது என்றும் கூம்பக்கா கவனித்தாள். நிழலில் கிடந்த ஈர இலை.

'அட, இவளும் ஈரத்தை அடியில போடுறா' என்று நினைத்தாள். பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது. அந்தக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டது நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் பாம்பு சருகுக்கோ இரைக்கோ காட்டுக்குள் போயிருக்க வேண்டும். அந்தத் தடவை உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

திரும்பி நடந்தபோது இன்னொன்றும் புரிந்தது. வருஷம் தவறாமல் காட்டோரத்தில் யாருக்காவது பாம்புக்கடி உண்டு. சருகைத் தூக்கினால் கட்டுவிரியனோ கண்ணாடிவிரியனோ சுருண்டு கிடக்கும். இந்த வருஷம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ராஜநாகத்துக்குச் சோறே மற்றப் பாம்புதான். தான் அரிப்பதற்கு முன்னால் இவள் வந்து துண்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அன்றைக்குச் சாயந்திரமே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் கதவைச் சாத்தினாள்.

"அந்தக் குவியல் உன்னோடதும் இல்லே, என்னோடதும் இல்லே. ராஜநாகம் கட்டுது. முட்டை வைக்கக் கட்டுது. நான் கண்ணால பாத்தேன்."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பாம்பு."

"ஆமா."

"சருகு அரிக்குது."

"ஆமா."

"பாம்புக்குக் கை இருக்கா அண்ணி?"

"உடம்பையே வளைச்சு இழுக்குது. சொன்னாக் கேளு."

"நாற்பது ரூபாய்க்கு இம்புட்டுப் பெரிய கதையா. அது எத்தனை குவியல் குவிக்குது, மேஸ்திரிகிட்டச் சொல்லி அதுக்கும் ஒரு துண்டு வாங்கித் தரலாமே." அவளே சொல்லி அவளே சிரித்தாள். "பயமுறுத்தி விரட்டிட்டு உங்க கணக்குல ஏத்திடலாம்னு பாக்கறீங்க. இன்னும் ஒரு குவியல்தானே குறையுது? எனக்குத் தெரியாதா?"

கூம்பக்கா கதவில் இருந்த எண்ணைப் பார்த்தாள். தானே நாத்தனாராக இருந்தால் தானும் நம்பியிருக்கமாட்டாள் என்று தோன்றியது. "கிட்டப் போகாதே. அவ்வளவுதான் சொல்லுவேன்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் தேக்கு மரத்துப் பின்னால் போய் நின்றாள். இடுப்பளவுக்குக் குவியல் எழும்பியது. அப்புறம் ஒருநாள் பாம்பு அதற்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. மறுநாள் பார்த்தால் உச்சியில் ஒரு பள்ளம் செய்து, அதில் சுருண்டு படுத்திருந்தது. சருகு இழுக்கவில்லை, இரைக்கும் போகவில்லை. முட்டை வைத்தாயிற்று என்று கூம்பக்காவுக்குப் புரிந்தது. இனி அது இடத்தைவிட்டு நகராது. இதுவரை ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போயிருக்கும், இனி ஒதுங்காது.

டிராக்டர் வருவதற்கு முந்தின நாள். காலை வெயில் ஏறியிருந்தது. நாத்தனார் வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் சாக்குப்படுதாவோடு மூங்கில்பக்கம் போவதைக் கூம்பக்கா தூரத்திலிருந்து பார்த்தாள். எதற்கென்று கேட்க வேண்டியதில்லை. குவியலைப் படுதாவில் அள்ளித் தன் துண்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், யார் கந்தல் என்ற சண்டையே இல்லை. கூம்பக்கா வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். கூப்பிட்டால் அவள் இன்னும் வேகமாகப் போவாள் என்று தெரியும், அதனால் கூப்பிடவில்லை.

அவள் போய்ச் சேர்வதற்குள் நாத்தனார் படுதாவை விரித்துவிட்டாள். வாரியை ஓங்கிக் குவியலின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தாள்.

குவியல் உறுமியது. சீறல் இல்லை, உறுமல். அடிவயிற்றிலிருந்து வருகிற நாயின் உறுமல்போல. அப்புறம் உச்சியிலிருந்து கழுத்து எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. நாத்தனாரின் நெஞ்சைத் தாண்டி முகத்துக்கு நேராக வந்து நின்றது. குறுகலான படம் விரிந்தது. நாத்தனார் வாரியைப் பிடித்தபடியே நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அசையாதே" என்றாள் கூம்பக்கா பின்னாலிருந்து, சாதாரணமாகப் பேசுகிற குரலில். "நான் வர்றேன்."

"அண்ணி." உதடு மட்டும் அசைந்தது.

"பேசாதே. வாரியைக் கீழே போடாதே, தூக்காதே, அப்படியே வெச்சுக்கோ. அவளுக்கு உன்னைக் கடிக்கணும்னு இல்லே. நீ போகணும், அவ்வளவுதான் அவளுக்கு."

காய்ந்த தேக்கிலைமேல் ஓடினால் வழுக்கும். சருகு அரிக்கிறவர்களுக்குத் தெரியும், அதனால்தான் அவர்கள் காலைத் தூக்காமல் தேய்த்து நடப்பார்கள். கூம்பக்கா தேய்த்துக்கொண்டே போய் நாத்தனாரின் முதுகுப்பக்கம் நின்று, சேலையின் பின்கொசுவத்தைப் பிடித்தாள்.

"காலைத் தூக்காதே. வேலை செய்யறப்ப எப்படி நகருவியோ அப்படிப் பின்னால வா. வலது கால். ம். இடது கால்."

பாம்பு அவர்களைப் பார்த்தபடி லேசாக ஆடியது. அவர்கள் ஒரு அடி பின்னால் போனால், அது ஒரு அடி முன்னால் வரவில்லை. கூம்பக்கா அதைக் கண்டுகொண்டாள். "பாத்தியா, வரலே. அவ வீட்டை விட்டு வரமாட்டா. வலது கால்."

தேக்கு மரத்துக்கு வந்து சேர்ந்தபோது பாம்பு கழுத்தைத் தாழ்த்தியிருந்தது. வாரி கலைத்த ஓரத்தை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தது. பிறகு உச்சிக்கு ஏறிச் சுருண்டுகொண்டது. நீலமும் மஞ்சளுமாக இரண்டு கந்தல் நுனிகள் அதன் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தன.

நாத்தனார் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். கூம்பக்கா குடுவையை நீட்டினாள்.

"கை இல்லே" என்றாள் நாத்தனார், குடித்து முடித்து.

"இல்லேதான்."

மறுநாள் டிராக்டரோடு மேஸ்திரி வந்தார். மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை என்று கூம்பக்கா முடிவு செய்திருந்தாள். நேராகப் போய்ச் சொன்னாள். மேஸ்திரி தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திட வேண்டியதுதான் அக்கா."

"கொளுத்துங்க. சருகுல தீ வெச்சா அது உங்க பேச்சைக் கேட்டு அங்கேயே நிக்கும்னா கொளுத்துங்க. இந்தத் தோட்டத்துல இப்போ ஐந்நூறு குவியல் காய்ஞ்சு கிடக்கு."

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். முட்டாள் இல்லை அவர். "அப்போ அடிச்சிட வேண்டியதுதான்."

"யாரு அடிக்கிறது?"

டிராக்டர் டிரைவர் உடனே குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். வேறு யாரும் முன்னால் வரவில்லை.

"இந்த வருஷம் உங்க ஆளுல ஒருத்தருக்காவது பாம்புக்கடி உண்டா மேஸ்திரி? போன வருஷம் ரெண்டு. அதுக்கு முந்தி ஒண்ணு. விரியனையெல்லாம் இவ தின்னுட்டா. முட்டை பொரிஞ்சா அவளா போயிடுவா. அதுவரைக்கும் அந்தப்பக்கம் யாரும் போக வேண்டாம், நமக்கும் மழையில அங்க வேலை இல்லே."

மேஸ்திரி நெற்றி வேர்வையைத் துடைத்தார். "சரி. ஒரு எல்லை போட்டுடுங்க. அதுக்குள்ள ஆளும் போகக்கூடாது, டிராக்டரும் போகக்கூடாது. உள்ள இருக்கிற எதுவும் கணக்குல வராது. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

கூம்பக்கா வாரியை எடுத்தாள். மூங்கிலைச் சுற்றி மண்ணில் அழுத்தி ஒரு பெரிய வளைவு இழுத்துக்கொண்டே போனாள். அவளுடைய நெருக்கமான கோடு. அது அவளுடைய குவியல்கள் எட்டை உள்ளே வைத்துக்கொண்டு போய் முடிந்தது.

"இன்னும் கொஞ்சம் உள்ள போடலாமே அக்கா" என்றார் மேஸ்திரியே. "உங்க எட்டு போகுதே."

"போகட்டும். டிராக்டர் அதிர்ந்தா அவ இறங்கி வருவா. ஏத்துறவங்க கையில சருகு அள்ளுற கவைக்கோல் இருக்கும், காலு வெறுங்காலாத்தானே இருக்கும்."

ஏற்றுகிறவர்களில் நாத்தனாரும் ஒருத்தி. அவள் எட்டு என்று விரல்விட்டு எண்ணியதைக் கூம்பக்கா பார்த்தாள்.

எண்பத்திரண்டு குவியலுக்குக் காசு வந்தது. கூம்பக்கா அதை அப்படியே கொண்டுபோய் நாத்தனார் மடியில் எண்ணி வைத்தாள். வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். நாத்தனார் ஈரத்துணியால் பழைய எண்ணைத் துடைத்துவிட்டு, முந்நூற்று அறுபது என்று எழுதினாள்.

"என்னம்மா இது" என்றார் வீட்டுக்காரர். "அவ உன்னைக் கொசுவத்தைப் பிடிச்சு..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் கூம்பக்கா. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதற்குக் கூலி கேட்கிற பழக்கம் அவள் வீட்டில் இல்லை.

"பேச்சு பேச்சுதானே அண்ணி" என்றாள் நாத்தனார், கரித்துண்டைப் பார்த்தபடி.

"பேச்சு பேச்சுதான். அடுத்த வருஷம் துண்டு உன்னோடது."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு காட்டோரத்தையே சுற்றியது. அந்தத் துண்டில் எந்த மரம் முதலில் இலை உதிர்க்கும், காற்று எந்த மூலையில் கொண்டுவந்து கொட்டும் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இருந்தாலும் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டிருக்கலாம் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. சருகு வேலை நின்று, கன்றுப் பண்ணையில் பைகளுக்கு மண் நிரப்புகிற வேலை. ஓய்வு நாளில் கூம்பக்கா தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு தேக்கு மரத்தடிக்குப் போய்விடுவாள். அவளுடைய எட்டுக் கூம்பும் மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட்டன. பாம்பின் குவியல் அப்படியே நின்றது. மேலே விழுந்த தண்ணீர் ஓட்டில் ஓடுவதுபோல் ஓரமாக ஓடியது. உச்சியில் அவள் நனைந்துகொண்டு கிடந்தாள். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் இளைத்திருந்தாள், தோல் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. இரை இல்லை. பக்கத்திலேயே ஒரு தவளை துள்ளியபோதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருநாள் உச்சி காலியாக இருந்தது. குஞ்சு வெளியே வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அது போய்விடும் என்று டிரைவர் சொன்னார். பாம்பைத் தின்கிற பாம்பு, இத்தனை நாள் பட்டினி, பிறக்கிற குஞ்சும் பாம்புதானே, பசி கண்ணை மறைத்துவிடக்கூடாது என்று போகிறது என்பது அவர் கணக்கு. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். போயிருந்தது, அதுமட்டும் நிச்சயம்.

அடுத்த ஓய்வு நாளில் நாத்தனார் வந்து கூப்பிட்டாள். "என் துண்டை ஒரு தடவை காட்டுங்க அண்ணி. எல்லை எங்கே, எதுன்னு தெரியணுமில்லே."

இருவரும் போனார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. கூம்பக்கா கல்லைக் காட்டினாள், மரத்தைக் காட்டினாள், காற்று கொட்டுகிற மூலையையும் மறைக்காமல் காட்டினாள். கடைசியில் அந்தத் தேக்கு மரத்துக்கு வந்தார்கள். குவியல் நடுவில் குழிந்திருந்தது.

"போயிட்டாளா?"

"அவ போயிட்டா. நீ நில்லு."

குழியின் ஓரத்தில் ஒரு இலை தூக்கிக்கொண்டது. அடியிலிருந்து ஒன்று வந்தது. சுண்டுவிரல் பருமன், முழ நீளத்துக்குச் சற்று மேல். கன்னங்கறுப்பு, அதில் மஞ்சள் வளையங்கள், இப்போதுதான் பெயிண்ட் அடித்தது போல. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் மூன்று நான்கு சேர்ந்தாற்போல. ஒவ்வொன்றும் ஒரு திசையில் போனது, ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் வந்தது மட்டும் இவர்கள் பக்கம் வந்து, தேக்குக்கு இருபது அடி தள்ளி நின்றது. நாத்தனாரைப் பார்த்துக் கழுத்தைத் தூக்கிப் படம் விரித்தது. கட்டைவிரல் அகலப் படம்.

"பொறந்ததுமே விஷமா?"

"பொறந்ததுமே."

நாத்தனார் காலைத் தூக்காமல், தேய்த்து, இரண்டடி பின்னால் வந்தாள். குஞ்சு கொஞ்ச நேரம் அவளை மிரட்டிவிட்டு மூங்கிலுக்குள் போனது.

"எத்தனை இருக்கும்?"

"இருபது, முப்பது. எல்லாம் பிழைக்காது."

"ஒண்ணு ரெண்டு பிழைக்கும்."

"பிழைக்கும்."

"அவ அடுத்த வருஷம் திரும்பி இங்கேயே வருவாளா?"

கூம்பக்கா யோசித்தாள். பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "தெரியாது. வந்தாலும் வருவா. நல்ல மூங்கில், நல்ல சருகு, தண்ணி தேங்காத மேடு. நானா இருந்தா வருவேன்."

திரும்பி நடந்து வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், நாத்தனார் வேறு எதையோ பற்றிப் பேசுவதுபோல் ஆரம்பித்தாள். "இந்த இடுப்பு வலியோட அம்புட்டு தூரம் தினம் நடக்க முடியுமா சொல்லுங்க. இப்போ இருக்கிற தொட்டிப்பக்கத் துண்டே எனக்குப் போதும்."

"பயமா?"

"யாருக்கு? எனக்கா? இடுப்புன்னு சொல்றேன்."

"துண்டு வேண்டாம்னா கடன் நிக்குமே. முந்நூத்தி அறுபது. பை நிரப்புற காசுல கொஞ்சம் கொஞ்சமா தந்துடறேன்."

"அடமானம் வேண்டாம்னு நான் சொல்றேன், கடன் மட்டும் எதுக்கு அந்தரத்துல தொங்குது? அந்த எட்டு யாருக்காகப் போச்சுன்னு எனக்கு எண்ணத் தெரியாதா?" நாத்தனார் குரல் சண்டைக்கு வருவதுபோல் இருந்தது. "ஒன்பதாவது ஒண்ணு இருக்கு, அதுல என் மஞ்சளும் இருக்கு, உங்க நீலமும் இருக்கு. முடிஞ்சா போய் எடுத்துட்டு வாங்க, பாதிப் பாதி பிரிச்சுக்கலாம்."

கூம்பக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் சிரிக்கவில்லை. உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள். கூம்பக்கா வாசலில் நின்றாள். உள்ளேயிருந்து ஈரத்துணி பலகையில் தேய்கிற சத்தம் கேட்டது. ஒருமுறை தேய்த்தால் போகிற கரிதான், நாலைந்து முறை தேய்த்தாள்.

பிறகு கதவைத் திறந்தாள். கையெல்லாம் கரி.

"உள்ள வாங்க அண்ணி. ஏன் வெளியவே நிக்கறீங்க?"

"கொசு வராதா?"

"வந்தா வரட்டும்" என்றாள் நாத்தனார். கதவை அகலத் திறந்து, அது மூடாமல் இருக்க ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.